அன்னா மரே விற்ற இறகு மெத்தை: தப்பி ஓட உதவிய சுதந்திரக் கறுப்பினப் பெண்கள்

அடிக்குறிப்பு எழுதியது:

அமெரிக்காவில் அடிமையாக இருந்து தப்பி, பிறகு அடிமை ஒழிப்புச் சொற்பொழிவாளரான பிரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட சுயசரிதையை இரண்டாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அடிமைத்தளையிலிருந்து தப்பி நியூயார்க் வந்து சேர்ந்த பிறகு, தான் மணக்கவிருந்த அன்னா வந்து சேர்ந்ததாக ஒரு வரி எழுதுகிறார். அன்னா என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. முதல் தடவை அதைக் கவனிக்காமல் தாண்டியிருக்கிறேன். இந்தத் தடவை பக்கத்தின் அடியில் போய்ப் பார்த்தேன். ஆங்கிலத்தில் மூன்றே சொல். "அவள் சுதந்திரமானவள்" என்பது பொருள். அவ்வளவுதான் குறிப்பு.

யார் இந்த அன்னா என்று தேடப் போய் இரண்டு நாள் ஓடிவிட்டது. அன்னா மரே, மேரிலாந்து மாநிலத்தில் டென்டன் என்ற ஊர்ப்பக்கம் 1813 வாக்கில் பிறந்தவர். அப்பா பாம்பரா, அம்மா மேரி, இருவருமே அடிமைகளாக இருந்தவர்கள். அன்னா பிறப்பதற்கு ஒரு மாதம் முன்புதான் விடுதலை கிடைத்திருக்கிறது. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை என்பது அங்கே சட்டம். வர்ஜீனியா 1662லேயே எழுதி வைத்து, மற்ற காலனிகளும் பின்பற்றியது. அப்படியானால் அன்னாவின் மூத்தவர்கள் எல்லாரும் அடிமைகளாகப் பிறந்தவர்கள், இவர் சுதந்திரப் பிரஜை. ஒரு மாத வித்தியாசம்.

பதினேழு வயதில் பால்டிமோர் போய் வீட்டுவேலை, துணி வெளுப்பு என்று சம்பாதித்தார். அங்கேதான் கப்பல் பழுது பார்க்கும் கூலியாக இருந்த டக்ளஸைச் சந்திக்கிறார். அப்போது அவர் பெயர் பெய்லி. உழைப்பு அவருடையது, வாரக்கூலி முதலாளி கைக்கு. 1838 செப்டம்பர் 3ஆம் தேதி அவர் தப்பிக்கிறார். அந்தச் செலவுக்காக அன்னா தன் இறகு மெத்தைகளில் ஒன்றை விற்றிருக்கிறார். இதை நாம் தெரிந்துகொள்வது மகள் ரோசெட்டா 1900இல் அம்மாவைப் பற்றி ஆற்றிய உரையிலிருந்து.

தானும் தப்பி, திரும்பிப் போய் மற்றவர்களையும் அழைத்து வந்த ஹாரியட் டப்மனை எல்லாருக்கும் தெரியும். அன்னாவைப் போல சுதந்திரமாகவே இருந்துகொண்டு மற்றவர்களைத் தப்பிக்க வைத்த பெண்களைப் பற்றி இங்கே யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள்.

---

ரயில்பைத்தியம் எழுதியது:

அண்ணா, அன்னாவைப் பற்றி எழுதியதற்கு நன்றி. (இந்த வாக்கியத்தை எழுதவே பத்து நிமிடம் ஆகிவிட்டது.)

என் பெயருக்கு ஏற்றபடி ரயில் பகுதியை நான் சொல்கிறேன். இந்தத் தப்பித்தல் வலைப்பின்னலுக்கு 'நிலத்தடி ரயில்பாதை' என்று பெயர். நிலத்தடியும் இல்லை, ரயிலும் இல்லை. வீடு, தேவாலயம், படகு, வைக்கோல் வண்டி இவைதான். ஆனால் டக்ளஸ் போனது நிஜமான ரயிலில்.

பால்டிமோரிலிருந்து ஹாவர் டி கிரேஸ் வரை ரயில். அங்கே சஸ்குவஹானா ஆற்றுக்குப் பாலம் இல்லை, படகில் கடக்க வேண்டும். அக்கரையில் மறுபடி ரயில், வில்மிங்டன் வரை. அங்கிருந்து நீராவிக் கப்பலில் பிலடெல்பியா. பிறகு நியூயார்க்குக்கு இரவு ரயில். மொத்தம் 24 மணி நேரத்துக்குள்.

கறுப்பினத்தவர் நிலையத்தில் சீட்டு வாங்கினால் சுதந்திரப் பத்திரத்தை நிதானமாகச் சோதிப்பார்கள். அதில் உயரம், நிறம், தழும்பு எல்லாம் எழுதியிருக்கும். அதனால் அவர் வண்டி கிளம்பும் நேரத்தில் தாவி ஏறி, உள்ளேயே சீட்டு வாங்கினார். சிவப்புச் சட்டை, தார் பூசிய தொப்பி, கழுத்தில் கறுப்புத் துணி, முழு மாலுமி வேஷம். கையில் இருந்தது ஒரு சுதந்திரக் கறுப்பின மாலுமி இரவல் கொடுத்த கடலோடிச் சான்றிதழ். அதில் எழுதியிருந்த அடையாளம் டக்ளஸைவிட நன்றாகக் கறுத்த ஒருவருடையது. நடத்துநர் "பத்திரம் எங்கே?" என்று கேட்டதும், "கடலுக்குப் போகும்போது அதையெல்லாம் எடுத்துப் போவதில்லை, அமெரிக்கக் கழுகு போட்ட காகிதம் இருக்கிறது" என்று நீட்டினார். நடத்துநர் கழுகைப் பார்த்தார், காசை வாங்கினார், போய்விட்டார்.

அந்த மாலுமி உடுப்பை அன்னாதான் தைத்துக் கொடுத்தார் என்று ஒரு பேச்சு உண்டு. டக்ளஸ் அப்படி எழுதவில்லை. ஆனால் ரயிலுக்குள் நீட்டிய காசுக்குப் பின்னால் ஒரு மெத்தை இருக்கிறது, இல்லையா?

---

கேள்விக்குறி எழுதியது:

நல்ல கதைதான். ஆனால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறோமோ? கட்டிக்கொள்ளப் போகிறவருக்குப் பணம் கொடுத்ததை 'அடிமைகள் தப்பிக்க உதவிய பெண்' என்ற பெரிய தலைப்பில் வைப்பது சரியா? ஒரு காதலி செய்ததைச் செய்தார். இயக்கம் என்றால் முன்பின் தெரியாதவர்களுக்காகச் செய்வது.

இன்னொன்று, பெண்கள் கொடியில் தொங்கவிட்ட ஒட்டுப்போர்வைகளில் தப்பிப் போகிறவர்களுக்கு ரகசியக் குறிப்புகள் தைத்திருந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அதைப் பற்றிப் பேசலாமே.

---

மூன்றாம்_படிக்கட்டு எழுதியது:

@கேள்விக்குறி, போர்வைக் கதையை முதலில் ஓரம் கட்டிவிடுவோம். 1990களின் கடைசியில் வந்த ஒரு புத்தகத்தால் பிரபலமான கதை அது. தப்பி வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் வாழ்க்கைக் கதை சொல்லியிருக்கிறார்கள், ஒருவரும் போர்வைக் குறியீடு பற்றிப் பேசவில்லை. வரலாற்றாசிரியர்கள் ஏற்பதும் இல்லை. பள்ளிக் கண்காட்சிக்கு அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு அதில் வேறு ஒரு எரிச்சலும் உண்டு. அந்தப் பெண்கள் நிஜமாகவே தைத்தார்கள். காசுக்குத் தைத்தார்கள். அந்தக் காசு எங்கே போனது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. அதை விட்டுவிட்டு ரகசிய முடிச்சுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

உங்கள் முதல் கேள்விக்குப் பதில்: பால்டிமோரில் ஒரு சுதந்திரக் கறுப்பினப் பெண் அடிமையைத் தப்பிக்க வைத்தது தெரிந்தால் சிறை. காதலி என்று கருணை காட்ட மாட்டார்கள். மேரிலாந்தில் கறுப்பினத்தவரில் பெரும் பகுதி சுதந்திரமானவர்கள், 1860க்குள் அது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. 1860 கணக்கில் சுதந்திரமானவர்கள் 83,942, அடிமைகள் 87,189. ஒரே வீட்டில் கணவன் சுதந்திரம், மனைவி அடிமை என்றிருக்கும். காதல், குடும்பம், இயக்கம் என்று கோடு போட்டுப் பிரிக்க அங்கே இடமில்லை.

முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்தாரா என்றால், அதுவும் செய்தார். ராசெஸ்டர் காலத்தைப் பாருங்கள்.

---

அடிக்குறிப்பு எழுதியது:

ராசெஸ்டரைப் பற்றி எழுதலாம் என்றுதான் வந்தேன், அக்கா முந்திக்கொண்டார்.

1840களின் கடைசியில் குடும்பம் நியூயார்க் மாநிலத்தின் வடக்கே ராசெஸ்டருக்குக் குடிபோகிறது. கனடாவுக்குப் போகும் முன் கடைசி நிறுத்தங்களில் அது ஒன்று. டக்ளஸ் பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு தடவை 11 பேர் ஒன்றாக வந்துவிட்டார்கள். கனடாவுக்கு அனுப்பப் பணம் சேரும்வரை அவர் வீட்டிலேயே தங்கினார்கள். இத்தனை பேருக்குச் சாப்பாடும் இடமும் கொடுக்கத் தனக்குச் சற்றுச் சிரமமாக இருந்தது, ஆனால் அவர்கள் எளிய சாப்பாட்டோடும், படுக்கத் தரையில் ஒரு கம்பளத் துண்டு அல்லது கொட்டகைப் பரணில் வைக்கோல் கிடைத்ததோடும் திருப்தியாக இருந்தார்கள் என்கிறார்.

"எனக்குச் சிரமமாக இருந்தது." சரி. சமைத்தது யார்?

அதற்குப் பதில் ரோசெட்டாவின் உரையில் இருக்கிறது. நடு ராத்திரி, குளிரோ வெயில் காலமோ, அம்மாவை எழுப்புவது வழக்கமான விஷயம், பசியோடு வந்த கூட்டத்துக்கு அவர் எழுந்து சமைப்பார் என்கிறார். வருகிறவர்களைத் தங்கவைக்க அப்பா வீட்டைப் பெரிதாக்கினாராம். நிலத்தடி ரயில்பாதையின் முதல் முகவர்களில் ஒருவர் என்று அம்மாவைத்தான் சொல்கிறார் மகள். டக்ளஸ் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார், சொற்பொழிவுக்குப் போயிருப்பார். கதவைத் தட்டுகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியுமா?

அன்னா எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கடிதம், நாட்குறிப்பு எதுவும் கிடையாது. மகள் அன்றைக்கு மேடையேறிப் பேசாமல் போயிருந்தால் நமக்கு மிஞ்சியிருப்பது அந்த அடிக்குறிப்பு மட்டும்தான்.

---

செல்லக்கிளி எழுதியது:

நான் இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் பங்குக்கு பாஸ்டனில் நடந்த ஒன்று.

1836 ஜூலை கடைசியில் பால்டிமோரிலிருந்து சிக்கசா என்ற கப்பல் பாஸ்டன் துறைமுகத்துக்கு வருகிறது. அதில் எலைசா ஸ்மால், பாலி ஆன் பேட்ஸ் என்று இரண்டு கறுப்பினப் பெண்கள். தங்களிடம் சுதந்திரப் பத்திரம் இருக்கிறது என்கிறார்கள். பால்டிமோர் முதலாளி ஒருவரின் ஆள் வந்து, இவர்கள் தப்பி வந்த அடிமைகள் என்கிறான். கப்பல் தலைவர் இருவரையும் கப்பலிலேயே அடைத்து வைக்கிறார். விஷயம் மாநிலத் தலைமை நீதிபதி லெமுவெல் ஷாவிடம் போகிறது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி விசாரணை. நீதிமன்றம் முழுக்க கறுப்பின மக்கள், அதில் பெண்கள் ஏராளம். அடைத்து வைக்கக் கப்பல் தலைவருக்கு அதிகாரமில்லை என்று ஷா சொல்கிறார். உடனே முதலாளியின் ஆள் எழுந்து, தப்பிய அடிமைகள் சட்டப்படி இவர்களைத் தனியாகக் கைது செய்யலாமா என்று ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான். "போங்கள், போங்கள்" என்று சத்தம். கூட்டம் எழுந்து இரண்டு பெண்களையும் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டது. வெளியே வண்டி தயார். தடுக்கப் பார்த்த காவலரின் கழுத்தை, தரை துடைக்கும் வேலை பார்த்த ஆஜானுபாகுவான ஒரு பெண்மணி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவர் நகரவே முடியவில்லை.

அந்த இருவரும் மறுபடி பிடிபடவே இல்லை. நீதிபதி பெயர், கப்பல் பெயர் எல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. கழுத்தைப் பிடித்த அம்மாவுக்கு மட்டும் 'துடைப்பவர்' என்பதுதான் அடையாளம்.

---

கேள்விக்குறி எழுதியது:

சரி, போர்வையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ராசெஸ்டர் விஷயம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு சந்தேகம். இந்தக் கதைகளில் பெரும்பாலும் ஜெயிக்கிறார்கள். தோற்ற கதை எதுவும் இல்லையா? அப்படி இருக்க முடியாதே.

---

மூன்றாம்_படிக்கட்டு எழுதியது:

இருக்கிறது, தம்பி. செயின்ட் லூயிஸ், மேரி மீச்சம்.

மேரியும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர்தான். கணவர் ஜான் பெர்ரி மீச்சம் பாதிரியார், கூடவே பீப்பாய் செய்யும் தொழில். அடிமைகளை விலைக்கு வாங்கி, வேலை கற்றுக்கொடுத்து, அவர்கள் சம்பாதித்து அந்த விலையை அடைத்ததும் விடுவிப்பது அவர் வழக்கம். 1847இல் மிசூரி மாநிலம் கறுப்பினத்தவருக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கத் தடை போட்டது. அவர் மிசிசிப்பி ஆற்றில் ஒரு நீராவிப் படகில் பள்ளிக்கூடம் நடத்தினார் என்பார்கள், ஆறு மாநிலச் சட்டத்துக்குள் வராது என்ற கணக்கில். 1854இல் அவர் இறந்துபோனார்.

மறு வருஷம், 1855 மே 21 விடியற்காலை. மேரி 9 பேரைப் படகில் ஏற்றி ஆற்றைக் கடக்க வைக்கிறார். இந்தக் கரை அடிமை மாநிலமான மிசூரி, அந்தக் கரை இல்லினாய். ஆறுதான் எல்லை. அக்கரையில் போலீசும் முதலாளிகளின் ஆட்களும் காத்திருந்தார்கள். குறைந்தது ஐந்து பேர் பிடிபட்டார்கள், மேரியும் கைதானார்.

பிடிபட்டவர்களில் எஸ்தர் என்று ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு வந்தவர். அவருடைய முதலாளி ஹென்றி ஷா. இன்றைக்கும் செயின்ட் லூயிஸில் புகழ்பெற்ற மிசூரி தாவரவியல் தோட்டத்தை நிறுவியவர். தண்டனையாக எஸ்தரை மட்டும் தெற்கே விற்றுவிட்டார். பிள்ளைகள் செயின்ட் லூயிஸிலேயே. இதைப் படித்த பிறகு அந்தத் தோட்டத்துப் படங்களைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

மேரி மீது வழக்கு நடந்தது. ஒரு குற்றச்சாட்டில் நடுவர் குழு விடுவித்தது, மற்றவற்றைக் கைவிட்டார்கள். உள்நாட்டுப் போரின்போது கறுப்பினச் சிப்பாய்களுக்கு உதவும் பெண்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. ஆக, ஆற்றங்கரையோடு அவர் நின்றுவிடவில்லை. அவர்கள் படகேறிய மிசூரிக் கரைக்கு இப்போது அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

---

ரயில்பைத்தியம் எழுதியது:

1855 என்றால் 1850இல் போட்ட கடுமையான தப்பிய அடிமைகள் சட்டம் வந்த பிறகு. அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அப்போதுதான் ஆபத்தின் அளவு புரியும்.

தப்பியவரை ஒளித்து வைத்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிடிபட்டவர் தன் தரப்பைச் சொல்ல முடியாது, சாட்சி சொல்லும் உரிமையே இல்லை. விசாரிக்கிற ஆணையருக்கு ஒரு கூலி உண்டு: அடிமை என்று தீர்ப்புச் சொன்னால் 10 டாலர், சுதந்திரமானவர் என்றால் 5 டாலர். எழுத்து வேலை கூடுதல் என்று காரணம் சொன்னார்களாம்!

வட மாநிலங்களில் சுதந்திரமாகப் பிறந்தவர்களையே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகவே தன் வீட்டில் ஒரு ராத்திரி யாரையாவது படுக்க வைத்த கறுப்பினப் பெண், தன் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பணயம் வைத்தார். அதே வீட்டைத் திறந்துவிட்ட வெள்ளைக்காரருக்கு அபராதமும் சிறையும் உண்டுதான், ஆனால் அவரை யாரும் ஏலத்தில் நிறுத்தப் போவதில்லை.

---

செல்லக்கிளி எழுதியது:

பிலடெல்பியாவில் ஹென்றியெட்டா டுடர்ட் என்று ஒருவர் உண்டு. 1817இல் சுதந்திரக் குடும்பத்தில் பிறந்தவர். கணவர் இறுதிச் சடங்குத் தொழில் நடத்தினார். 1858இல் அவர் இறந்ததும், யாருக்காவது விற்றுவிடாமல் அந்த நிறுவனத்தைத் தானே எடுத்து நடத்தினார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது சாதாரணமில்லை. தப்பி வந்தவர்களைச் சவப்பெட்டிக்குள் வைத்தும், சாவு ஊர்வலத்தில் துக்கம் கொண்டாடுகிறவர்களோடு நடக்க வைத்தும் ஊரைக் கடத்தினார் என்று சொல்லப்படுகிறது. முகத்திரை போட்ட துக்கக் கூட்டத்தை நிறுத்தி முகம் பார்க்க யாருக்குத் துணிவு வரும்!

அதே ஊரில் வில்லியம் ஸ்டில். நூற்றுக்கணக்கானவர்கள் தப்பிய கதையை ஒவ்வொருவராக விசாரித்து எழுதி ஒளித்து வைத்து, 1872இல் பெரிய புத்தகமாகப் போட்டவர். அவர் மனைவி லெட்டிஷியா தையல்காரி. வந்தவர்களில் பலர் தங்கியது அவர்கள் வீட்டில்தான். கணவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் அடுத்த அறையில் என்ன வேலை நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

---

புதுவரவு எழுதியது:

டப்மன் 300 பேரைக் காப்பாற்றினார் என்று படித்தேன். அவரும் சுதந்திரப் பெண்தானே? அவரை ஏன் இந்த இழையில் சேர்க்கவில்லை?

---

அடிக்குறிப்பு எழுதியது:

வாங்க, @புதுவரவு. 300, 19 பயணம் என்பது 1868இல் வந்த ஒரு வாழ்க்கை வரலாறு ஊதிப் பெரிதாக்கிய கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் சொல்வது சுமார் 13 பயணம், 70 பேர் அளவில். ஒவ்வொரு தடவையும் மேரிலாந்துக்குள் திரும்பிப் போய் அழைத்து வந்தது என்று பார்த்தால் 70 ஒன்றும் சின்ன எண் இல்லை.

அவர் 1849இல் தப்பி வந்தவர். சட்டத்தின் கண்ணில் அவர் சுதந்திரப் பெண் இல்லை, தப்பியோடிய அடிமை. அதனால்தான் தலைப்பில் வைக்கவில்லை. ஆனால் அவர் கதையிலும் இதே சங்கதி வருகிறது. பயணச் செலவுக்கு என்ன செய்தார்? பிலடெல்பியாவில் வீட்டுவேலை, கேப் மே கடற்கரையில் சமையல் வேலை. கோடையில் சமைத்துச் சேர்த்த காசு, பனிக்காலத்தில் மேரிலாந்துக்குப் போக.

பெரிய கொடையாளிகள் பின்னால் வந்தார்கள், மறுக்கவில்லை. முதலில் போட்ட காசு இந்த வெளுப்பு, சமையல், தையல் காசுதான் என்பது என் கட்சி. @கேள்விக்குறி சண்டைக்கு வரலாம்.

---

கேள்விக்குறி எழுதியது:

வரவில்லை. ஆனால் உங்கள் கட்சிக்கு ஆதாரம் ஒன்று குறைகிறது. அன்னா ஒரே ஒரு தடவை, கல்யாணத்துக்காக மெத்தையை விற்றார். அதை வைத்து 'இயக்கத்தின் முதல் காசு' என்று எப்படிச் சொல்வது? காதலுக்கு வெளியே அவர் கைக்காசைப் போட்டதற்கு ஏதாவது உண்டா?

---

அடிக்குறிப்பு எழுதியது:

உண்டு. இதைத்தான் முதல் பதிவிலேயே எழுதியிருக்க வேண்டும்.

1840களில் அவர்கள் மாசசூசெட்ஸில் லின் என்ற ஊரில் இருந்தார்கள். செருப்பு, பூட்ஸ் தயாரிக்கும் ஊர். பெண்கள் வீட்டில் உட்கார்ந்து மேல்தோலைத் தைத்துக் கொடுப்பார்கள், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. அன்னாவும் அந்த வேலை பார்த்தார். 1845இல் டக்ளஸ் பிரிட்டன் போனார், 1847இல்தான் திரும்பினார். கிளம்பும்போது அவர் சட்டப்படி இன்னும் தப்பியோடிய அடிமை, சுயசரிதை வெளியாகி பெயரும் ஊரும் தெரிந்துவிட்டதால் இங்கே இருப்பது ஆபத்து. கைக்குழந்தையோடு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பூட்ஸ் தைத்துத்தான் அன்னா வீட்டை ஓட்டினார்.

ரோசெட்டா சொல்கிறார்: தைக்கிற ஜோடிகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையை அம்மா தனியாக வைப்பார், அந்தக் கூலி அடிமை ஒழிப்புச் சங்கத்துக்கு. மாசக் கடைசியில் மிச்சம் பிடித்துக் கொடுப்பது இல்லை, தைக்கும்போதே ஒதுக்கியது. டக்ளஸ் திரும்பி வந்தபோது அவர் அனுப்பிய பணம் வங்கிக் கணக்கில் அப்படியே இருந்தது, வீட்டுச் செலவுக்குக் கடன் ஒன்றும் வாங்கியிருக்கவில்லை.

---

கேள்விக்குறி எழுதியது:

போதும், போதும். ஒப்புக்கொள்கிறேன்.

---

மூன்றாம்_படிக்கட்டு எழுதியது:

ஒரு சின்னக் கேள்வி. மேலே 'மெத்தைகளில் ஒன்றை' விற்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொன்று இருந்தது என்றுதானே அர்த்தம்? அது என்ன ஆயிற்று?

---

அடிக்குறிப்பு எழுதியது:

அக்கா கண்ணுக்கு எதுவும் தப்பாது.

டக்ளஸ் நியூயார்க் சேர்ந்ததும் கடிதம் போட்டார், அன்னா உடனே கிளம்பி வந்தார். செப்டம்பர் 15, தப்பி வந்தவர்களுக்கு நியூயார்க்கில் உதவிவந்த டேவிட் ரக்கிள்ஸ் வீட்டில் கல்யாணம். நடத்தி வைத்த பாதிரியார் பென்னிங்டன், அவரும் மேரிலாந்திலிருந்து தப்பி வந்தவர். மாப்பிள்ளை தப்பி வந்து 12 நாள்தான் ஆகிறது, கையில் ஒன்றுமில்லை. பெண் கொண்டு வந்த சாமான்களை ரோசெட்டா வரிசையாகச் சொல்கிறார்: தலையணைகள், படுக்கை விரிப்புகள், தட்டுகள், கத்தி, முள்கரண்டி, துணி நிறைந்த ஒரு பெட்டி. கல்யாணத்துக்குக் கட்டியது நாவல்பழ நிறத்தில் புதுப் பட்டு கவுன். இரண்டு பேருமாக அதையெல்லாம் எடுத்துக்கொண்டு நியூ பெட்ஃபோர்டில் குடித்தனம் வைத்தார்கள்.

பட்டியலில் முதலில் வருவது அந்த இன்னொரு இறகு மெத்தை.